மலையில் முள் விதைப்பது: திசில் பற்றிக் கேட்டவருக்கு

கேள்வி சுருக்கமாக இது. இலங்கை மலையகத்தில், கொட்டகலையில் வீட்டு முன்னால் சின்னப் பூந்தோட்டம் வைத்திருக்கிறீர்கள். நுவரெலியாக் கடையொன்றில் நீல உருண்டைத் திசில் (thistle, முள் இலைப் பூச்செடி) விதை ஒரு பாக்கெட்டும், ‘கடல் ஹோலி’ என்று எழுதிய பாக்கெட் ஒன்றும் வாங்கி, சித்திரை வருஷப் பிறப்பு முடிந்த கையோடு தும்புத்தூளும் மாட்டெருவும் கலந்த தட்டில் தூவியிருக்கிறீர்கள். முதலாவது பத்து நாளில் முளைத்து, அடுத்த வாரமே ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டது. இரண்டாவது இரண்டு மாதமாகியும் எட்டிப் பார்க்கவில்லை. எடின்பரோவில் இருக்கும் சித்தி கொண்டுவந்த ‘ஸ்கொட்லாந்துத் திசில்’ பாக்கெட் இன்னும் பிரிக்காமல் கிடக்கிறது. விதை பழுதா, மண் பழுதா, நான் பழுதா என்று கேட்கிறீர்கள்.

விதை பழுதில்லை. முளைத்ததே அதற்குச் சாட்சி. உங்களையும் குறை சொல்ல மாட்டேன். நானும் முதல் மூன்று முறை இதையேதான் செய்தேன். தோட்டத்து நர்சரியில் தேயிலைக் கன்று வளர்த்தே பாதி வாழ்க்கையைக் கழித்தவன் நான். அந்தப் பழக்கத்தில் எதைப் பார்த்தாலும் ஈரமும் நிழலும் கொடுக்கத்தான் கை போகும். தேயிலைக் கன்றுக்கு அது சரி. திசிலுக்கு அதுவே எமன்.

பெயரில் இருந்தே குழப்பம் தொடங்குகிறது. அதை முதலில் தீர்த்துக்கொள்ளலாம். நீல உருண்டை என்பது எக்கினாப்ஸ். சூரியகாந்தி, செவ்வந்தி எல்லாம் இருக்கும் அதே குடும்பம், அசல் திசில். கடல் ஹோலி என்பது எரிஞ்சியம். பார்க்க முள்ளும் நீலமுமாகத் திசில் மாதிரியே இருந்தாலும் அது கரட், மல்லியின் குடும்பம். இரண்டும் ஒரே தட்டில், ஒரே நாளில், ஒரே மாதிரி முளைக்கும் என்று எதிர்பார்த்ததுதான் முதல் பிழை. நம் ஊரில் சிலர் குருக்கு என்று சொல்லும் மஞ்சள் பூ முள்ளுச்செடி, அதாவது பிரமதண்டு, இந்த இரண்டிலும் சேராது. அது கசகசாவின் உறவு. யாராவது ‘அதுதானே இது, ரோட்டோரத்திலேயே கிடக்குதே’ என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

சரி, படுத்துப்போன நாற்றுக்கு வருவோம். அடுத்த முறை அப்படி விழுந்தால் ஒன்றைப் பிடுங்கி, வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். இலை பச்சையாகத்தான் இருக்கும். வேரும் இருக்கும். மண் மட்டத்தில், தண்டு மண்ணைத் தொடும் அந்த ஒரு நூல் அளவு இடம் மட்டும் நெருப்பில் சுட்ட நூல் போலச் சுருங்கிப் பழுப்பாகியிருக்கும். அதுதான் நாற்றழுகல். பித்தியம், ரைசொக்டோனியா போன்ற பூஞ்சைகளும் பூஞ்சை மாதிரியான கிருமிகளும் செய்கிற வேலை. ஈரம் நிற்கிற மண், நெருக்கமான விதைப்பு, காற்று ஓடாத இடம் மூன்றும் சேர்ந்தால் வந்துவிடும். தும்புத்தூள் தண்ணீரைப் பிடித்து வைப்பதற்கென்றே பிறந்தது. அதோடு மாட்டெரு, அதற்கு மேல் ஏப்ரல், மே மாதத்துக் கொட்டகலை மூடுபனி. நாற்று எப்படி நிற்கும்?

என் கலவை இது: தோட்டத்து மேல்மண் ஒரு பங்கு, கழுவிய ஆற்று மணல் ஒரு பங்கு, உமிக்கரி அரைப்பங்கு, தும்புத்தூள் அரைப்பங்குக்கும் குறைவு. எரு வேண்டவே வேண்டாம். மணல் என்றால் சுவர் பூசுகிற மாவு மணல் இல்லை, பல்லில் கடிபடுகிற பரு மணல். மேல்மண்ணை ஒரு தகரத்தில் கொட்டி, கொதிநீர் ஊற்றி, ஆறவிட்டு எடுத்தால் பூஞ்சையின் தொல்லை பாதி குறையும். கலந்ததை ஒரு கைப்பிடி நனைத்துப் பிழிந்து பாருங்கள்: கையை விரித்ததும் உருண்டை தானாக உதிர்ந்தால் சரி, கொழுக்கட்டை மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தால் இன்னும் மணல் போடுங்கள்.

தட்டில் விதைப்பதையும் விட்டுவிடுங்கள். எக்கினாப்ஸ் முளைத்த உடனே ஆணி வேரை நேராகக் கீழே இறக்கும். கரட் போடுகிறவர்கள் யாராவது நாற்றைப் பிடுங்கி நடுகிறார்களா? நட்டால் கிழங்கு இரண்டு கால் மூன்று கால் விட்டு முறுக்கிக்கொள்ளும். திசில் வேரும் அப்படித்தான். மடங்கின வேர் பிறகு ஒரு நாளும் ஆழம் போகாது. இதற்கு உலகத்திலேயே நல்ல பாத்திரம் நம் மலையில்தான் சும்மா கிடக்கிறது: தேயிலைக் கன்று வைக்கிற நீளமான கறுப்புப் பொலித்தீன் பை. ஒரு சாண் ஆழம் தாராளமாக வரும், அடியில் துளை போட்டிருக்கும், நடும்போது பிளேடால் கீறி எடுத்தால் மண் கட்டி உடையாது. வெளிநாட்டுக்காரர்கள் இதற்கென்று தனிச்சட்டி வாங்குகிறார்கள். நமக்குப் பழைய நர்சரியில் கேட்டால் ஒரு கட்டுக் கொடுப்பார்கள்.

ஒரு பைக்கு இரண்டு விதை. மேலே அரைச் சென்டிமீற்றருக்கு மேல் மண் போடாதீர்கள். 18 முதல் 21 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இரண்டு மூன்று வாரத்துக்குள் முளைக்கும். நுவரெலியாவின் வருஷச் சராசரியே 16 பாகையளவுதான், அதனால் அங்கே பொலித்தீன் கூரைக்குக் கீழே வைக்க வேண்டும். கொட்டகலையில் மழை படாத இஸ்தோப்பு (வீட்டு முன் திண்ணை) ஓரமே போதும். தண்ணீரை மேலே தெளிக்காமல், பைகளை அகலமான தட்டில் நிறுத்தி அடியில் கொஞ்சம் ஊற்றி அரை மணி நேரத்தில் மீதியைக் கொட்டிவிடுங்கள். ஊற்றுவதைக் காலையில் செய்யுங்கள். மாலையில் ஊற்றி ஈரத்தோடு இரவுக்குள் அனுப்புவது நாற்றைப் பூஞ்சைக்குச் சாப்பாடாகக் கொடுப்பதுதான். இரண்டும் முளைத்தால் நோஞ்சானைக் கத்தரியால் நறுக்குங்கள். பிடுங்கினால் மற்றதின் வேரும் அசையும்.

எரிஞ்சியத்தின் கதை வேறு. நீங்கள் வாங்கியது ஐரோப்பிய வகையாகத்தான் இருக்க வேண்டும். அந்த விதைக்கு ஒரு குளிர்காலத்தைக் கடந்தோம் என்ற உறுதி வேண்டும். அதுவரை உறங்கும். ‘எங்கள் ஊரில்தான் குளிர் இருக்கிறதே’ என்று நுவரெலியாக்காரர்கள் சொல்வார்கள். ஜனவரி, பெப்ரவரியில் விடியற்காலையில் புல்லின் மேல் வெள்ளையாகப் பனி உறையும், கிழங்குக் கொழுந்து கருகும், எல்லாம் உண்மை. ஆனால் ஒன்பது மணிக்கு வெயில் வந்ததும் மண் பழையபடி சூடாகிவிடும். விதைக்கு வேண்டியது ஒரு விடியற்காலை இல்லை, வாரக்கணக்கில் விடாத ஈரக்குளிர். அதை பிரிட்ஜ்தான் தரும். ஈரமான மணலில் விதையைக் கலந்து (பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது), சின்னப் பிளாஸ்டிக் பையில் கட்டி, திகதி எழுதி, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் நாலு முதல் ஆறு வாரம் வையுங்கள். மேலே ஐஸ் பெட்டியில் வைக்காதீர்கள். மூன்றாவது வாரத்திலிருந்து அவ்வப்போது எடுத்துப் பாருங்கள், வெள்ளையாக முனை தெரிந்தால் உடனே பைக்கு மாற்றுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள். என் மனைவி முதல் தொகுதியை ‘என்னமோ அழுக்கு மணல்’ என்று நினைத்துக் குப்பையில் போட்டாள்.

இன்னொன்று, எரிஞ்சியம் விதை பழையதாகப் பழையதாக முளைப்பு வேகமாகக் குறையும். உங்கள் தட்டை இன்னும் கொட்டவில்லையென்றால் கொட்டாமல் ஒரு மூலையில் வையுங்கள். சில விதைகள் மாதக்கணக்கில் கிடந்துவிட்டு எழுந்திருப்பதும் உண்டு. ஆனால் அதையே நம்பி இருக்க வேண்டாம்.

இனி நடுகிற காலம். இதைப் பற்றி ஐரோப்பியப் பாக்கெட்டில் எழுதியிருப்பது நமக்கு எந்த உதவியும் செய்யாது. ‘வசந்தத்தில் விதையுங்கள்’ என்றிருக்கும். நம் வசந்தம் எது? மலையின் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை கொட்டும். வெலிமடை, பண்டாரவளை, ஹப்புத்தளை பக்கம் அதே மாதங்களில் காற்றும் வறட்சியுமாக இருக்கும். அங்கே வடகீழ்ப் பருவமழைதான் பெரியது, டிசம்பரில் தொடங்கி பெப்ரவரி வரை. ஒரே விதை, ஒரே மலை, இரண்டு நாட்காட்டி.

ஆகவே உங்கள் பக்கம் நவம்பரில் கூரைக்குக் கீழே விதைத்து, ஜனவரியில் நாலைந்து நிஜ இலை வந்த பிறகு நடுவது நல்லது. ஜனவரி முதல் மார்ச் வரை வெயில் இருக்கும், வேர் ஆழம் இறங்க மூன்று மாதம் கிடைக்கும். மே மாத மழை வரும்போது செடி ஆளாகியிருக்கும். ஊவாப் பக்கத்தவர்கள், அதாவது வெலிமடை, பண்டாரவளைக்காரர்கள், மார்ச்சில் விதைத்து மே கடைசியில் நடலாம். நீங்கள் ஏப்ரலில் விதைத்தது, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் இறங்கின கதை.

அடுத்தது மண். தேயிலை மண் புளிப்பு மண், காரகாடித்தன்மை (pH) அளவில் 4.5 முதல் 5.5 வரைதான் தேயிலைக்குப் பிடிக்கும். திசில் கேட்பது 6க்கு மேல், 7ஐத் தாண்டினாலும் சந்தோஷம். உங்கள் வீட்டுமனை பழைய தேயிலை நிலமாக இருக்கும் என்று நினைக்கிறேன், அங்கே எந்த மனைதான் அப்படி இல்லை? நடுவதற்கு ஒரு மாதம் முன்பே ஒரு சதுர மீற்றருக்கு இரண்டு மூன்று கைப்பிடி டொலமைட் (சுண்ணாம்புக் கல் தூள்) தூவி முள்ளு குத்தி, அதாவது முள்ளுக் கருவியால் மண்ணைக் கிளறி விடுங்கள். மிலாறு (கவாத்து வெட்டிய தேயிலைக் கிளை) எரித்த அடுப்புச் சாம்பல் இருந்தால் அதையும் கொஞ்சம் சேர்க்கலாம். ஒரே தடவையில் புளிப்பு போய்விடாது. வருஷம் ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். டொலமைட்டையும் யூரியாவையும் ஒன்றாகக் கலக்காதீர்கள், உரம் ஆவியாகிப் போகும். உண்மையில் யூரியாவே தேவையில்லை. வளமான மண்ணில் எக்கினாப்ஸ் ஆள் உயரத்துக்குக் கொழுத்து, காற்றில் சாய்ந்து, இரண்டே பூ வைக்கும். மெலிந்த மண்ணில் இடுப்பளவு நின்று கெட்டியாகப் பூக்கும்.

இடத்தைத் தெரிவு செய்வதுதான் பாதி வெற்றி என்பேன். எனக்குப் பிழைத்த செடிகள் எல்லாம் ஒரே இடத்தில்: கல்லுக்கட்டின் மேல் விளிம்பில், கட்டிலிருந்து ஒரு முழம் உள்ளே. மழை எவ்வளவு பெய்தாலும் கல் இடுக்கு வழியே வடிந்துவிடும். கட்டுக்குக் கீழே, நல்ல கறுப்பு மண் என்று ஆசைப்பட்டு வைத்த ஆறு செடியும் யூலை மாதத்துக்குள் கழுத்தழுகிப் போயின. கல்லுக்கட்டு இல்லையென்றால் ஒரு அடி உயரத்துக்கு மேடு கட்டி, மேல்பக்கம் ஒரு சின்னக் கான் (வடிகால்) வெட்டி விடுங்கள். செடியின் கழுத்தைச் சுற்றிக் காய்ந்த புல்லைப் போடாமல் சல்லிக் கல்லைப் பரப்புங்கள். கல் மேலே காயும், அடியில் வேருக்குக் குளிர்ச்சியாக இருக்கும், நத்தையும் ஏறத் தயங்கும். நத்தைதான் இங்கே பெரிய எதிரி. முள் முற்றும் வரைக்கும் இளம் இலை அதற்கு லெட்டிஸ் மாதிரி.

நான் மண்ணைக் கொத்தி மேடு கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) அக்கா கொழுந்துக் கூடையோடு நின்று பார்த்தார். “என்னா தம்பி, நாங்க காலமெல்லாம் முள்ளப் புடுங்கித்தான் பேர் வாங்குனோம். நீ காசு குடுத்து வாங்கி வெதைக்கிறியா?” என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பூத்த பிறகு அவரே வந்து இரண்டு தண்டு கேட்டு வாங்கிப் போனார், சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்க.

பூ எப்போது என்று கேட்பீர்கள். விதைத்த இரண்டாவது வருஷம். அங்கேயும் ஒரு விஷயம் இருக்கிறது. எக்கினாப்ஸ் நீண்ட பகலைப் பார்த்தால் நன்றாகப் பூக்கிற செடி. எடின்பரோவில் யூன் மாதத்தில் பகல் 17 மணி நேரத்துக்கு மேல். நமக்கு வருஷத்தின் மிக நீளமான பகலே சுமார் பன்னிரண்டரை மணிதான். அதனால் படத்தில் இருப்பது போல ஒரே நேரத்தில் முப்பது நாற்பது உருண்டை இங்கே எதிர்பார்க்காதீர்கள். என்னுடையவை வருஷத்தில் இரண்டு மூன்று தடவை, நாலைந்தாகப் பூக்கின்றன. செவ்வந்தி வளர்ப்பவர்கள் இரவில் பல்பு போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் பூவைத் தள்ளிப்போடப் போடுகிறார்கள், திசிலுக்கு அதே பல்பு எதிர்ப்பக்கம் வேலை செய்யும். விற்பனைக்கு வளர்த்தால் அதை யோசிக்கலாம், வீட்டுக்கு வேண்டாம். ஐரோப்பிய எரிஞ்சியம் இன்னும் பிடிவாதக்காரன், செடிக்கும் குளிர் வேண்டும் என்பான். நுவரெலியா, ஹக்கலை உயரத்தில் முயலலாம். கொட்டகலையில் இலை நன்றாக வரும், பூவுக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

உங்கள் உயரத்துக்கு நான் சொல்லக்கூடிய இன்னும் இரண்டு செடி உண்டு. கார்டூன், அதாவது ஆர்ட்டிச்சோக்கின் அக்காள் தங்கை. ஒரு வாரம் இரண்டு வாரத்தில் முளைக்கும். பூக்கப் பல வாரம் 10 பாகைக்குக் கீழான குளிர் தேவை என்பதால் ஹட்டன் பக்கம் பூப்பது அருமை, ஆனால் மார்பளவு உயரும் அந்த வெள்ளி இலைக்காகவே வளர்க்கலாம். மூடுபனி விலகும்போது தேயிலைப் பச்சைக்கு முன்னால் அது நிற்பதைப் பார்க்க வேண்டும். இன்னொன்று பால் திசில். பச்சை இலையில் பால் சிந்தியது போல வெள்ளை நரம்பு ஓடும், நேரே மண்ணில் ஊன்றினாலே முளைக்கும், ஒரே பருவத்தில் ஊதாப் பூ வைக்கும். இவ்வளவு சுலபமானது ஏன் என்று சந்தேகப்பட வேண்டும். அது பல நாடுகளில் களை. விதை மண்ணுக்குள் பல வருஷம் உயிரோடு கிடக்கும். அதோடு இலையில் நைத்திரேற்று சேர்வதால் மாட்டுக்கும் ஆட்டுக்கும் விஷம். லயத்தில் பசு வைத்திருப்பவர்கள் புல் அறுக்கும் வழியில் இதை ஒருபோதும் வைக்காதீர்கள். வேலிக்குள் இரண்டு செடி, பூ வாடியதும் தலையை நறுக்கி நெருப்பில் போடுவது என்று உறுதி இருந்தால் மட்டும்.

கடைசியாகச் சித்தியின் பாக்கெட். ஸ்கொட்லாந்துத் திசில் என்று விற்கப்படுவது பெரும்பாலும் ஒனோபோர்டம். வெள்ளிச் செதுக்கு வேலை மாதிரி, ஆளை விட உயரமாக, பிரமாதமான செடிதான். இந்த மலையில் அதற்கு ஒரு பொருத்தமும் உண்டு: ஹோலிரூட், எடின்பரோ, டன்சினன் என்று தோட்டத்துக்குத் தோட்டம் ஸ்கொட்லாந்துப் பெயர். 1867இல் லூல்கந்துரவில் தேயிலை வைத்த ஜேம்ஸ் டெய்லரும் ஸ்கொட்லாந்துக்காரர். அவர்கள் நாட்டுச் சின்னமே திசில். ஆனாலும் விதைக்காதீர்கள். ஒரு செடி பல ஆயிரம் விதை உதிர்க்கும், அவுஸ்திரேலியாவின் மேய்ச்சல் நிலங்களில் அதனால் இன்னும் பாடுபடுகிறார்கள். அதே மாதிரி வெளியிலிருந்து வந்து பரவிய யூலெக்ஸ் முட்புதரை ஹோர்ட்டன் சமவெளியில் இன்றைக்கும் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். மஞ்சள் பூ, அழகாகத்தான் இருக்கும்.

சட்டமும் இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதிப்பத்திரமும் அந்த நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் இல்லாமல் விதையைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரக் கூடாது. கட்டுநாயக்கவில் இருக்கும் தேசிய தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவை அதைப் பார்ப்பதற்கென்றே இருக்கிறது. சித்தி அன்பாகத்தான் கொண்டுவந்திருப்பார். அந்த அன்பை மனதில் வைத்துக்கொண்டு பாக்கெட்டை அடுப்பில் போடுங்கள். குப்பைக் குழியில் வேண்டாம், அங்கேதான் முதலில் முளைக்கும்.

எக்கினாப்ஸில் அந்தப் பயம் குறைவு. அதன் விதை பறக்காது, உருண்டை முற்றிக் குலைந்து செடியின் காலடியிலேயே விழும். விதை வேண்டுமென்றால் உருண்டை பழுப்பாகத் தொடங்கும்போது காகிதப் பையைக் கவிழ்த்துக் கட்டுங்கள். வேண்டாமென்றால் அதற்கு முன்பே வெட்டிவிடுங்கள். வாடாத பூவாக வீட்டில் வைப்பதற்கு, உருண்டை நீலமாகி, சின்னப் பூக்கள் விரிவதற்கு ஒரு நாள் முன்பே அறுத்துத் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். விரிந்த பிறகு அறுத்தால் காயும்போது உதிரும். மொத்தமாக அறுத்துவிடாமல் ஒன்றிரண்டைச் செடியில் விடுங்கள். தேனீ வரும். ஆரஞ்சும் கறுப்புமாக ஒரு பட்டாம்பூச்சி வந்தால், அதன் விஞ்ஞானப் பெயரிலேயே ‘கார்டுயி’, திசிலுக்குரியது, என்று இருக்கிறது. அது உலகம் சுற்றுகிற பூச்சி, நம் மலைக்கும் வரும். அதன் புழு இலையைக் கொஞ்சம் தின்னும். மருந்து அடிக்காதீர்கள்.

நீலப் பாக்கெட்டில் மிச்சம் விதை இருந்தால் காற்றுப் புகாத போத்தலில் போட்டு, ஈரம் படாமல் நவம்பர் வரை வையுங்கள். எரிஞ்சியத்தை ஒக்டோபர் தொடக்கத்திலேயே மணலோடு பிரிட்ஜுக்குள் அனுப்பினால் இரண்டும் ஒரே நேரத்தில் பைக்கு வரும். பை கிடைக்கவில்லையென்றால் வெறும் பால்மாப் பாக்கெட்டின் அடியைக் கத்தரித்தும் பயன்படுத்தலாம், ஆழம் போதும்.